முடியாத பானை

போருக்காக 1939-ல் நிறுத்தப்பட்ட பிபிசி தொலைக்காட்சி, 1946 ஜூன் 7 அன்று லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸிலிருந்து மீண்டும் ஒளிபரப்பைத் தொடங்கியது. நாடகமானாலும் பாட்டானாலும் பெரும்பாலும் நேரலைதான். அடுத்த நிகழ்ச்சிக்கு அரங்கு தயாராகும்வரை, அல்லது கருவி பழுதானால், திரையில் இடைவெளி விழும். அதை நிரப்பச் சிறு இடைவேளைப் படங்கள் வந்தன: விளையாடும் பூனைக்குட்டி, ஏர் உழும் குதிரைகள், லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு நான்கே நிமிடத்தில் பாயும் ரயில்.

எல்லாவற்றிலும் புகழ்பெற்றது 1953-ன் குயவர் சக்கரம். ஈரக் களிமண் இரு கைகளுக்கிடையே எழும், குழியும், மறுபடி அமரும். பானை மட்டும் முடிவதே இல்லை. அதனால்தான் எந்த நொடியிலும் படத்தை நிறுத்தி நிகழ்ச்சிக்குத் திரும்ப முடிந்தது. காத்திருப்பவரிடம் காட்டிய அந்த மரியாதை இன்றைய விளம்பர இடைவேளைகளுக்குத் தெரியாது.