பயிற்சியாளர் சொன்ன கதை

மகளின் பள்ளிக் கட்டுரைக்காக, 1951இல் வெளிவந்த ‘ஜிம் தோர்ப்: ஆல் அமெரிக்கன்’ படத்தை அவளோடு உட்கார்ந்து பார்த்தேன். மைக்கேல் கர்டிஸ் இயக்கியது. பூர்வகுடி வீரர் தோர்ப்பாக வருபவர் நியூயார்க்கின் வெள்ளை நடிகர் பர்ட் லங்காஸ்டர். அன்றைய ஹாலிவுட்டில் அது வழக்கம்தான். என்னை உறுத்தியது வேறு. விருந்து மேடையொன்றில் நின்று பயிற்சியாளர் பாப் வார்னர் சொல்லும் கதையாகவே படம் விரிகிறது. தோர்ப் தன் கதையைத் தானே சொல்வதில்லை.

பென்சில்வேனியாவின் கார்லைல் பூர்வகுடிப் பள்ளியை 1879இல் தொடங்கியவர் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி. பிள்ளைகளின் முடியை வெட்டி, பெயரை மாற்றி, தாய்மொழி பேசினால் தண்டித்து, வெள்ளையரைப்போல ஆக்குவதே நோக்கம். உண்மையில் அது கல்லூரிகூட அல்ல, தொழிற்பள்ளி. ஆனால் அதன் கால்பந்து அணி (முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து, எனக்கு இன்னும் முழுதாகப் பிடிபடாத ஆட்டம்) 1911இல் ஹார்வர்டையே வென்றது.

அடுத்த ஆண்டு இன்னும் பெரிது. ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்று திரும்பியிருந்தார் தோர்ப். 12 வெற்றி, ஒரு சமன், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் ஒரு தோல்வி. 1912 நவம்பர் 9 அன்று வெஸ்ட் பாயிண்டில் ராணுவ அணியை 27-6 என்று வென்றார்கள். எதிரணியில் ஐசன்ஹோவர் ஆடினார். உண்டட் நீ படுகொலை நடந்து 22 ஆண்டுகளே ஆகியிருந்தன. அதனால் இந்த ஆட்டத்தைப் பழிதீர்ப்பாகச் சொல்லும் வழக்கம் உண்டு. எனக்கும் புல்லரித்தது, மறுக்கவில்லை. ஆனால் வென்றவர்கள் திரும்பிப் போனது அதே பள்ளிக்குத்தான்.

1913இல் தோர்ப்பின் பதக்கங்கள் பறிக்கப்பட்டன. முந்தைய கோடைகளில் வட கரோலினாவில் சொற்பக் கூலிக்கு பேஸ்பால் ஆடியிருந்தார் என்பது குற்றம். வார்னர் தனக்கு ஏதும் தெரியாது என்றார். நட்சத்திர வீரன் பள்ளியை விட்டுப் போன காலத்தில் எங்கிருந்தான் என்று தெரியாத பயிற்சியாளர்!

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். அணியின் குவாட்டர்பேக் கஸ் வெல்ச் முன்நின்று மாணவர்களிடம் கையெழுத்து வாங்கினார். 1914இல் காங்கிரஸ் விசாரணைக் குழு கார்லைலுக்கே வந்தது. வார்னரின் வசைமொழியையும் நடத்தையையும் பற்றி, அவரிடம் ஆடியவர்களே சாட்சி சொன்னார்கள். கற்றுக்கொடுக்கப்பட்ட ஆங்கிலத்திலேயே சொன்னார்கள். வார்னர் வேலையை விட்டுப் பிட்ஸ்பர்க் போனார். 1918இல் பள்ளி மூடப்பட்டது. விசாரணைக்குப் படத்தில் இடமில்லை. இருந்திருந்தால் கதைசொல்லியை மாற்ற வேண்டியிருக்கும்.

நம் வீடுகளில் தமிழ் தேய்வதை இதோடு ஒப்பிட எனக்கு நா எழவில்லை. நான் மேற்படிப்புக்கென்று விரும்பி வந்தவன். மகளிடமிருந்து மொழியை யாரும் பிடுங்கவில்லை. வேலை அலுப்பில் நான்தான் விட்டுவிட்டேன். “அவங்க அம்மா அப்பா வந்து கூட்டிட்டுப் போகலையாப்பா?” என்று அவள் கேட்டபோது, படத்தை நிறுத்திவிட்டு, கார்லைலில் இறந்துபோன பிள்ளைகளின் கல்லறைகளைப் பற்றிச் சொன்னேன். சில உடல்களை 2017 முதல்தான் சொந்த மண்ணுக்கு எடுத்துப்போகிறார்கள்.

கட்டுரையில் படத்துக்கு ஒரு பத்திதான் கொடுத்திருக்கிறாள். மீதி முழுக்க வெல்ச்.