இழுப்பதும் இறங்குவதும்

கோடையில் வானிலை அறிக்கை வாசிக்கப்படும்போது திருத்தணியின் பெயர் பட்டியலின் மேல்வரிசையில் நிற்கும். அங்கிருந்து மேற்கே போனால் ஆர்.கே.பேட்டை. தெருவுக்குத் தெரு விசைத்தறி ஓடும் வட்டாரம். சிமெண்ட் ஷீட் வேய்ந்த தறிக்கொட்டகைக்குள் கத்திரி வெயிலில் அரைமணி நேரம் நின்றால் போதும், கட்டட ஆற்றல் என்ற துறையின் பாதிச் சொற்கள் காதில் விழுந்துவிடும். "மேலேருந்து சூடு இறங்குது." "இந்த மோட்டார் கரண்டை ரொம்ப இழுக்குது." "ஃபேன் சுத்துது, ஆனா காத்துக் கொடுக்கல." இறங்குவது கூரை வழியே உள்ளே வரும் வெப்பம். இழுப்பது கருவி வாங்கும் மின்சாரம். கொடுப்பது அது திருப்பித் தரும் வேலை. பொறியாளர் தனித்தனியாக அளக்கும் மூன்றையும் தனித்தனி வினைச்சொல்லால் பிரித்து வைத்திருக்கிறது பேச்சுத் தமிழ்.

எழுத்துத் தமிழில்தான் இவை கலந்துபோகின்றன. பழியை ஒரே சொல்லின் மேல் போடலாம் என்றால் அது 'திறன்'. தமிழகப் பள்ளி இயற்பியலில் ஒரு நொடியில் செய்யப்படும் வேலையின் அளவு திறன். செய்தித்தாளில் மின்நிலையத்தின் கொள்ளளவும் திறன். வாங்கியதில் எவ்வளவு பயனாயிற்று என்ற விகிதம் பாடநூலில் 'பயனுறுதிறன்' என்று நன்றாகவே பிறந்தது. அரசு அறிவிப்புக்கு வருவதற்குள் அதுவும் 'எரிசக்தித் திறன்' என்று குறுகிவிட்டது. ஆக 'அதிகத் திறன் கொண்ட மோட்டார்' என்று எழுதினால் அது பெரிய மோட்டாரா, குறைவாக இழுக்கும் மோட்டாரா?

தறிக்காரருக்கு இது சொல்லாராய்ச்சி அல்ல, பணம். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். (இங்கேயும் திறன்!) அந்த வேலையைத் தர 70 விழுக்காடு பயனுறுதிறன் உள்ள பழைய மோட்டார் ஏறத்தாழ 1,066 வாட் இழுக்கும், 82 விழுக்காடு உள்ளது 910 வாட்டில் முடித்துவிடும். முழுச் சுமையில் நாளுக்கு 12 மணி நேரம், மாதம் 25 நாள் ஓடினால் ஒரு தறிக்கு 47 யூனிட் வித்தியாசம். 2023 முதல் தமிழகத்தில் விசைத்தறிகளுக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம். அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு யூனிட்டும் கைக்காசு. எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டும்போது பழைய கம்பியை அளவுமீறிய சூட்டில் எரித்து எடுத்தால் உள்ளிருக்கும் இரும்பு கெட்டு, இழுப்பு இன்னும் கூடும். ஓடுகிறதா என்று பார்த்து வாங்கும் நாம், எவ்வளவு இழுக்கிறது என்று கேட்பதில்லை.

'சிக்கனம்', 'சேமிப்பு' ஆகியவை பயனுறுதிறனின் இடத்தை நிரப்பவில்லையா? நிரப்பவில்லை என்றே சொல்வேன். சிக்கனம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்வதைச் சொல்லும் சொல். ஃபேனை நிறுத்துவது சிக்கனம். அதே காற்றை 75 வாட்டுக்குப் பதில் 30 வாட்டில் வாங்குவது வேறு சங்கதி. சேமிப்போ இன்று பேட்டரியை நினைவூட்டுகிறது. 'எரிசக்தி'யிலும் எனக்கு உறுத்தல் உண்டு. காற்றாலையிலும் சூரியத் தகட்டிலும் எது எரிகிறது? 'ஆற்றல்' இருக்க அது எதற்கு?

இலங்கைத் தமிழர் இந்தத் 'திறன்' குழப்பத்தைத் தெளிவாகவே தீர்த்திருக்கிறார்கள். அங்கே பாடநூல்களில் ஆற்றல் 'சக்தி', திறன் 'வலு', பயனுறுதிறன் 'வினைத்திறன்'. மூன்றுக்கும் மூன்று சொல், குழப்பமில்லை. யாழ்ப்பாணத்தில் சாமுவேல் கிரீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த மரபின் தொடர்ச்சி இது. நம் பக்கத்திலும் உழைப்புக்குக் குறைவில்லை: 1916இல் சேலத்தில் கூடிய கலைச்சொல் கழகம், கோவையிலிருந்து வந்த 'கலைக்கதிர்', மணவை முஸ்தபாவின் களஞ்சியங்கள், இன்றைய அரசின் 'சொற்குவை'. ஆனால் இவை பெரும்பாலும் வகுப்பறையை நோக்கிப் பிறந்தவை. பட்டறைக்கும் கொத்தனாருக்கும் போய்ச் சேரவில்லை.

மாநில எல்லை பற்றிய படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த இந்தத் திருத்தணி எல்லை மண்ணில் இன்னொரு சுவை உண்டு. பல வீடுகளில் தெலுங்கு பேசுகிறார்கள். தெலுங்குப் பாடநூலில் வேலையின் வேகம் 'சாமர்த்தியம்', பயன் விகிதம் 'தக்ஷத'. தமிழ்க் காதுக்குச் சாமர்த்தியம் என்றால் கெட்டிக்காரத்தனம்; இரண்டாவதற்கே பொருந்தும்போலத் தோன்றும்.

கடைத்தெருவில் வென்ற சொற்கள் இரண்டு. ஒன்று 'ஸ்டார்'. 2006இல் நடுவண் அரசு தொடங்கிய நட்சத்திரக் குறியீடு. சீலிங் ஃபேனுக்கு 2023 முதல் கட்டாயம். ஒரு வாட்டுக்கு நிமிடத்தில் எத்தனை கனமீட்டர் காற்று என்பதை அளந்துதான் ஃபேனுக்கு நட்சத்திரம். தறிக்காரர் சொன்ன கொடுப்பை இழுப்பால் வகுத்தால் கிடைக்கும் எண் இது.

மற்றது 'டன்'. ஒன்றரை டன் ஏசி என்றால் பெட்டியின் எடை என்று எண்ணுபவர்கள் உண்டு. 2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது உறிஞ்சும் வெப்ப வேகம் ஒரு டன். இன்றைய அளவில் ஏறத்தாழ 3.5 கிலோவாட். சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ், அமெரிக்க ஏரிகளில் வெட்டி வந்த பனிக்கட்டியை வைக்க 1842இல் கட்டியது. குளிர்ச்சியை எடை போட்டு விற்ற அந்தக் காலம் ஏசிக் கடையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் டன் கொடுப்பை மட்டுமே சொல்லும், இழுப்பைச் சொல்லாது.

கட்டடத்துக்கு வந்தால் சொல் வறட்சிதான். வீடுகளுக்கான நடுவண் அரசின் விதித்தொகுப்பு 2018இல் 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற பெயரில் வந்தது. ஒரு சதுர மீட்டர் கூரையில், உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கக் கூடாது என்கிறது அது. வெறும் கான்கிரீட் தளம் இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் கடத்தும். இந்த அளவைத் தமிழில் 'யு மதிப்பு' என்று எழுதிவிட்டு நகர்கிறோம். கொத்தனாரிடம் அதைச் சொன்னால் விழிப்பார். 'சூடிறக்கம்' என்று சொன்னால் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துத் தட்டோடு பதித்த பழைய தளத்தில் இறக்கம் ஏன் குறைவு என்று அவரே விளக்கத் தொடங்குவார். பகலில் குடித்த வெயிலைச் சுவர் இரவில் திருப்பித் தருவதற்கும் அவரிடம் வார்த்தை உண்டு: சுவர் அனல் கக்குகிறது.

ஒரு சொல் மட்டும் ஏட்டிலும் தெருவிலும் ஒன்றாக அமைந்திருக்கிறது. வெப்பம் புகாமல் தடுக்கும் அடுக்கை எழுத்துத் தமிழ் 'வெப்பக்காப்பு' என்கிறது. திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் ஊரில் இதற்கு அகராதி வேண்டாம். ஷீட்டுக்கு அடியில் ஒரு காப்பு கட்டினால் சூடிறக்கம் எவ்வளவு குறையும், அதற்கு என்ன செலவு ஆகும் என்றுதான் தறிக்காரர் அடுத்ததாகக் கேட்கிறார்.