வியப்பைப் பகிரும் இடைச்சொல்

தாய்நாட்டுக் கோடைக்கு ஒதுங்கிக் கேமரன் மலையில் சில திங்கள் தங்கிச் செல்லும் முதிய ஜப்பானியர் உண்டு. தானா ராத்தாவில் அவர்கள் பேச்சைச் சற்றே செவிமடுத்தால் ஒன்று விளங்கும். தேயிலைச் சரிவைக் கண்ட ஒருவர் ‘கிரே தா நே’ என்பார். உடனிருப்பவர் ‘ஸோ தா நே’ என்பார். முன்னது ‘அழகாயிருக்கிறது’, பின்னது ‘ஆம், அப்படித்தான்’. இரண்டின் ஈற்றிலும் நிற்கும் ‘நே’ என்னும் இடைச்சொல்லே ஈண்டு ஆராய்தற்குரியது.

(1942 முதல் 1945 வரை மலாயாத் தமிழர் செவிக்கு இம்மொழி ஏவல் மொழியாகவே எட்டியது. சயாம் ரயில் பாதைக்குச் சென்று மீளாதோர் பல்லாயிரவர். அம்மொழிக்கு இப்படியும் ஒரு குரலுண்டு.)

‘நே’யை நீக்கி, ‘கிரே தா யோ’ என்றால், கேட்போர் அறியாத ஒன்றை அறிவித்ததாகும். ‘நே’ அறிவிப்பதன்று; இருவர் கண்ணும் ஒரே காட்சியில் நிற்பதைக் காட்டுவது. ஆதலின் விடையிலும் அது வருகிறது. ‘ஸோ தா யோ’ என்று விடையிறுத்தால், ‘உமக்கு நான் சொல்லித் தருகிறேன்’ என்னும் தொனி புகுந்துவிடும். செய்தி யாருடைய எல்லைக்குட்பட்டது என்பதைக் கொண்டு இத்தகைய ஈறுகளை விளக்கினார் காமியோ அகியோ.

இதனை ‘அல்லவா’ என்று பெயர்ப்பது எளிது; பொருத்தமன்று. ‘அல்லவா’வில் வழக்காடும் குரல் உண்டு, அது உடன்பாட்டை வற்புறுத்துகிறது. ஓசை ஒற்றுமை கருதி ‘நே’யைத் தொல்காப்பியர் ஐவகையாகக் கூறும் ஏகாரத்தோடு உறவாக்குவதும் ஆகாது. ஓனோ சுசுமு தமிழ்–ஜப்பானிய உறவை நாட்டப் பல்லாண்டு உழைத்தார்; மொழியியலார் பெரும்பாலோர் அதனை ஏற்றிலர். உறவு வேறு, பயன் ஒத்தல் வேறு.

பயனொத்த சொல்லோ நம் வீட்டிலேயே இருக்கிறது. தோட்டத்தில் வளர்ந்த பெண் பனி விலகக் கண்டு, ‘அழகா இருக்குல்ல’ என்பாள். தோழி, ‘ஆமால்ல’ என்பாள். ‘இல்லை’ என்பதன் தேய்வே இந்த ‘ல்ல’. ஆயினும் இங்கே எதிர்மறையும் இல்லை, உண்மையான வினாவும் இல்லை. விடையிலும் அது மீண்டு வருவதை நோக்குக. ‘ஆமால்ல’வில் ‘இப்போதுதான் கண்டேன்’ என்னும் குறிப்பு சற்று மிகுதி. ‘ஸோ தா நே’க்கு அது கட்டாயமன்று. வேறுபாடு அவ்வளவே.

கட்டுரை ஏட்டில் ‘ல்ல’வுக்கு ஆசிரியர் சிவப்பு மை இடுவது முறையே. மாணவன் எழுதும் கதையின் உரையாடலிலும் அதனை அடித்து ‘அல்லவா’ ஆக்குவது, தோழியர் இருவரை வழக்குமன்றத்தில் நிறுத்துவதாகும். ஜப்பானியக் கதைகளைப் பெயர்ப்போர்க்கும் ‘ல்ல’வே தக்கது; ‘தெசு நே’ என்று பணிவோடு வருமிடத்தில் ‘ல்லங்க’ எனலாம்.