அகுஸ்தீனின் ‘அறிக்கைகள்’: இச்சையடக்கம் பற்றிய ஒரு மதிப்பீடு

இச்சையடக்கம் பற்றிக் கிறிஸ்தவ மரபிலே தோன்றிய எழுத்துக்களைப் பெரும்பாலும் இரு வகையுள் அடக்கலாம். ஒன்று, இன்னது செய்க, இன்னது தவிர்க்க என விதிக்கும் ஒழுக்க நூல். மற்றையது, புலன்களை வென்ற அடியார்களின் வரலாறு. முன்னதில் விதி உண்டு, மனிதன் இல்லை. பின்னதில் மனிதன் உளன்; ஆயின் அவன் வென்று முடித்தவன். போராட்டத்தின் நடுவே நின்று, தோல்வியையும் ஐயத்தையும் மறையாது எழுதப்பட்டவை மிகச் சில. அவற்றுள் தலையாயது, வட ஆபிரிக்காவின் ஹிப்போ நகர ஆயராக விளங்கிய அகுஸ்தீன் (354 - 430) இலத்தீன் மொழியில் எழுதிய ‘அறிக்கைகள்’ ஆகும். பதின்மூன்று பாகங்களைக் கொண்ட இந்நூல் 397ஆம் ஆண்டளவில் தொடங்கப்பெற்றுச் சில ஆண்டுகளுள் நிறைவுற்றது.

இந்நூலைப் போற்றுவோர் பொதுவாக எட்டாம் பாகத்தையே அதன் சிகரமாகக் கொள்வர். 386ஆம் ஆண்டில், மிலான் நகரத்துத் தோட்டமொன்றிலே அகுஸ்தீன் மனந்திரும்பிய வரலாற்றைக் கூறும் பாகம் அது. இக்கணிப்பு மறுபரிசீலனைக்குரியது. நூலின் உண்மையான சாதனை பத்தாம் பாகத்திலே உள்ளது என்பதும், அதன் பெருங்குறை ஆறாம் பாகத்துச் சில வரிகளிலே தெரிகின்றது என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

முதலில் ஒரு சொல் விளக்கம் வேண்டும். பவுல் அடிகள் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் ஆவியின் கனிகளுள் இறுதியாக வைத்துக் கூறுவதைத் தமிழ் விவிலியம் ‘இச்சையடக்கம்’ என மொழிபெயர்த்துள்ளது. அதற்கு மாறானவற்றை அவர் ‘மாம்சத்தின்’ செயல்கள் என்கிறார். மாம்சம் என்றதும் உடலே குற்றவாளி என எண்ணிவிடுதல் இயல்பு. ஆயினும் அவர் தரும் பட்டியலை நோக்குமிடத்து, காமமும் குடிவெறியும் மட்டுமன்றிப் பகை, பொறாமை, பிரிவினை முதலானவும் அதிலே இடம்பெறுவதைக் காணலாம். இவை உடலிலே பிறப்பன அல்ல. அகுஸ்தீன் பிற்காலத்தில் எழுதிய ‘கடவுளின் நகர்’ என்னும் பெருநூலின் பதினான்காம் பாகத்தில் இதனைத் தெளிவாக்குகின்றார். சாத்தானுக்கு உடல் இல்லை. அவன் உண்பதுமில்லை, குடிப்பதுமில்லை. எனினும் செருக்கும் அழுக்காறும் அவனிடத்தே நிறைந்துள்ளன. ஆகவே தீமையின் ஊற்று உடலன்று, உள்ளமே என்பது அவர் முடிபு.

இம்முடிபை அவர் எளிதில் அடைந்தாரல்லர். இளமையில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் மனிக்கேயர் என்னும் சமயத்தாரைச் சார்ந்திருந்தார். சடப்பொருள் இருளின் ஆக்கம் என்றும், ஒளியின் கூறுகள் அதனுள் சிறைப்பட்டுள்ளன என்றும் அவர்கள் போதித்தனர். அவர்களுள் உயர்நிலையோர் மணமும் புலாலும் மறுத்தனர். கேட்போர் என்ற கீழ்நிலையோருக்கு அவை விலக்கப்படவில்லை. கேட்போருள் ஒருவராக இருந்த அகுஸ்தீனுக்கு அக்கொள்கை ஒருவகையில் வசதியாயிருந்தது. தவறு செய்வது தானன்று, தன்னுள் உறையும் வேறோர் இயல்பே என்று சொல்லித் தப்பிக்கொள்ள அது இடமளித்தது. இதனை அவரே பின்னர் ஏற்றுக்கொள்கின்றார். உடலை இழித்துரைப்பது இச்சையடக்கத்துக்குத் துணைபுரிவதற்குப் பதிலாக, பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் உபாயமாகவும் அமையலாம் என்பது இங்கு மனங்கொளத்தக்கது.

எட்டாம் பாகத்தின் சிறப்பை எவரும் மறுத்தற்கில்லை. மனம் கட்டளையிட்டதும் கை அசைகின்றது. அதே மனம் தனக்குத்தானே கட்டளையிடும்போது பணிய மறுக்கின்றது. இம்முரணை அகுஸ்தீனைப் போல நுணுகி ஆராய்ந்தோர் பண்டைய உலகிலே அரியர். கோணிய விருப்பம் இச்சையாகி, இச்சை பழக்கமாகி, பழக்கம் மீறவியலாத கட்டாயமாகும் படிமுறையை அவர் சங்கிலியின் வளையங்களாகக் காட்டுகின்றார். அடக்கத்தை அவர் வற்றிய துறவியாகக் காட்டாது, மக்கள் பலரைப் பெற்ற தாயாக உருவகித்திருப்பதும் குறிப்பிடத்தக்கது. எனினும் கதையமைப்பின் வேகத்தில், ஒரு குழந்தையின் குரல், திறந்த ஏட்டிலே கண்ட சில வரிகள், உடனே அமைதி என்று அப்பாகம் முடிந்துவிடுகின்றது. போராட்டம் தீர்ந்துவிட்டது என்ற மயக்கம் வாசகனுக்கு ஏற்படுகின்றது.

பத்தாம் பாகம் அம்மயக்கத்தைக் கலைக்கின்றது. தோட்டத்து நிகழ்ச்சிக்குப் பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட பின்னர், ஆயராக மதிக்கப்பெறும் நிலையிலே, தாம் அன்று இருந்தவாற்றை விடுத்து இன்று இருக்குமாற்றை அவர் எழுதுகின்றார். யோவானின் முதலாம் திருமுகம் கூறும் உடலின் இச்சை, கண்ணின் இச்சை, வாழ்வின் செருக்கு என்ற மூன்றினையும் சட்டகமாகக் கொண்டு தம்மைத் தாமே விசாரணை செய்கின்றார். விழித்திருக்கையில் வென்ற காமம் கனவிலே பழைய உருவங்களுடன் வருகின்றது. அப்பொழுது நான் நானல்லனோ என வினவுகின்றார். நாற்றத்தின் கவர்ச்சி தம்மைப் பெரிதும் வருத்துவதில்லை என்று ஓரிரு வாக்கியங்களில் அதனைக் கடந்துவிடுகின்றார். இல்லாத போராட்டத்தை உண்டெனக் காட்டாத இந்நேர்மை, ஏனைய பகுதிகளின் மீது நமக்கு நம்பிக்கையை விளைவிக்கின்றது.

உணவைப் பற்றிய பகுதி இவ்வாராய்ச்சியின் உச்சம் எனலாம். காமத்தை ஒருவன் முற்றாகத் துறத்தல் கூடும். உணவை அவ்வாறு துறத்தல் இயலாது. பசி நோய், உணவு மருந்து என்று கொண்டு உண்ண அவர் முயல்கின்றார். ஆயின் பசியிலிருந்து நிறைவுக்குச் செல்லும் வழியிலேயே இன்பம் பதுங்கியிருக்கின்றது. உடல்நலத்துக்குப் போதுமான அளவு இன்பத்துக்குப் போதாது. இவ்வளவும் உடலுக்கு வேண்டியதோ, அல்லது ஆசை உடல்நலத்தின் வேடத்தில் வந்து கேட்கின்றதோ என்பது துணியப்படாது. அத்துணிவின்மையை மனம் சாக்காகக் கொண்டு மகிழ்கின்றது. நோன்பிருந்தோர் யாவரும் அறிந்த இவ்வுண்மையை இத்துணை எளிமையாகக் கூறியோர் சிலரே.

இசையைப் பற்றியும் அவர் இவ்வாறே தடுமாறுகின்றார். மிலானிலே திருச்சபையின் பாடல்களைக் கேட்டுக் கண்ணீர் உகுத்ததை அவர் மறக்கவில்லை. பாடப்படும் பொருளினும் பாட்டே தம்மை மிகுதியும் உருக்குங்கால் தாம் தவறியதாகவே உணர்கின்றார். எனினும் பாடலை விலக்க அவர் துணியவில்லை; அது வேண்டும் என்ற பக்கமே சாய்கின்றார். அவரது விசாரணை இறுதியாகப் புகழாசையை அடைகின்றது. செல்வத்தின் மீது பற்றுண்டா என அறியச் செல்வத்தைத் துறந்து பார்க்கலாம். புகழின் மீது பற்றுண்டா என அறிய என் செய்வது? எல்லோரும் வெறுக்குமாறு தீயொழுக்கத்தில் வாழ்ந்து பார்ப்பதா? புலனை அடக்கியவன் அவ்வடக்கத்தின் பெயராலேயே புகழப்படுகின்றான். அப்புகழ் புதியதோர் இச்சையைப் பிறப்பிக்கின்றது. இச்சையடக்கத்தின் மிகக் கொடிய பகை அதன் வெற்றியிலேயே கருக்கொள்கின்றது என்னும் இக்காட்சியே நூலின் உயர்ந்த பேறாகும்.

இப்பாகத்திலே, ஏவுவதை நிறைவேற்றும் ஆற்றலையும் தந்தருளுமாறு இறைவனை இரக்கும் வேண்டுதல் மீண்டும் மீண்டும் வருகின்றது. உரோமிலே இதனை ஓர் ஆயர் எடுத்துரைக்கக் கேட்ட பெலாஜியஸ் என்னும் துறவி பொறுக்காது வாதிட்டார் என அகுஸ்தீன் பின்னர் எழுதியுள்ளார். எல்லாம் அருளே எனின் மனித முயற்சி தளராதா என்பதே பெலாஜியஸின் அச்சம். அவரது கொள்கை 418ஆம் ஆண்டிலே கார்த்தேஜ் மன்றத்தினாற் கண்டிக்கப்பட்டதாயினும், அவ்வச்சம் அற்பமானதன்று. இலக்கிய நோக்கிற் பார்ப்பின், அருள் பற்றிய நம்பிக்கையே அகுஸ்தீனின் நேர்மைக்கு அடிப்படையாயிற்று எனல் வேண்டும். அடக்கம் தன் ஆற்றலால் ஈட்டியது என்போன் தோல்வியை மறைத்தாக வேண்டும். அது கொடை என்போனுக்கு மறைக்க வேண்டிய தேவையில்லை.

இத்துணை நேர்மை வாய்ந்த நூல் ஓரிடத்தில் மட்டும் மௌனம் சாதிக்கின்றது. அகுஸ்தீன் தம் இளமையில் ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் ஒரு பெண்ணுடன் மணமின்றி வாழ்ந்தார். அவர்களுக்கு அதெயோதாத்துஸ் என்ற மகனும் பிறந்தான். தகுதியான குடியிலே பெண் பேசப்பட்டதும், மணத்துக்குத் தடை எனக் கருதி அவள் அகற்றப்பட்டாள். வேறெந்த ஆடவனையும் அறியேன் என்று சூளுரைத்து, மகனைத் தந்தையிடம் விட்டு அவள் ஆபிரிக்காவுக்கு மீண்டாள். நிச்சயிக்கப்பட்ட சிறுமிக்கு மணவயது வர இரண்டாண்டுகள் இருந்தமையால், காத்திருக்க இயலாத அகுஸ்தீன் மற்றொருத்தியைச் சேர்த்துக்கொண்டார். தம் நெஞ்சு கிழிந்து குருதி சொரிந்தது என எழுதும் அவர், அவள் நெஞ்சு பற்றி எழுதவில்லை. அவள் பெயரும் நூலில் இல்லை. ஒரு பெண்ணைப் பின்பற்றவும் ஆற்றாதவனானேன் என்று ஒரு தொடரில் ஒப்புக்கொள்கின்றார். அத்தொடரின் பொருளை அவர் மேலும் ஆராயவில்லை. ஆராய்ந்திருப்பின், தாம் தோட்டத்திலே கண்ணீருடன் பெற்ற இச்சையடக்கத்தை அவள் அதற்கு முன்னரே மேற்கொண்டுவிட்டாள் என்பது வெளிப்பட்டிருக்கும். பல்லி ஈயைப் பிடிப்பதை வேடிக்கை பார்த்த தம் வீண் ஆர்வத்தையும் பத்தாம் பாகத்திலே பாவமென எண்ணியவர், அவளிடம் மீளவில்லை.

பெயர் கூறாமை அவளைக் காக்கும் பொருட்டே எனச் சிலர் அமைதி கூறலாம். அதனை ஏற்பினும் குறை தீராது. அக்காலத்தை ஒட்டி, 401ஆம் ஆண்டளவில் எழுதிய ‘மணத்தின் நன்மை’ என்னும் நூலிலே, தன் தகுதிக்கேற்ற மணம் வாய்க்கும்வரை ஒருத்தியைத் துணையாகக் கொள்பவன் உள்ளத்தால் விபசாரனே என்று அகுஸ்தீன் தீர்ப்பளிக்கின்றார். அவனுக்கு உண்மையாயிருந்து, அவன் பிரிந்தபின் வேறு மணம் நாடாது அடங்கி வாழும் பெண்ணை அவ்வாறு கூற அவர் மனம் எளிதில் இசையவில்லை. வழக்கு யாருடையது என்பது சொல்லாமலே விளங்கும். ‘அறிக்கைகளில்’ எழுதப்படாத அறிக்கை, பெயரற்ற பொது விதியாகப் பிறிதொரு நூலிலே ஒளிந்துள்ளது.

இதனால் அகுஸ்தீனின் பெருமை குன்றாது. அவர் தந்த அளவுகோலே அவரை அளக்கப் போதுமானதாயிருப்பது அவரது பெருமையே. ஆயினும், இச்சையடக்கத்தை ஓர் ஆன்மாவுக்கும் இறைவனுக்கும் இடையிலான வழக்காக மட்டும் காணும் எழுத்து, அவ்விச்சைக்கும் அவ்வடக்கத்துக்கும் விலை கொடுத்த மூன்றாமவரை மறந்துவிடும் அபாயம் இங்கு புலனாகின்றது. பவுல் அடிகளின் பட்டியலில் இச்சையடக்கம் இறுதிக் கனி. முதற் கனி அன்பு. அந்த வரிசையை நினைவிற் கொண்டே பத்தாம் பாகத்தைப் படித்தல் வேண்டும். படித்து முடித்தபின், ஆறாம் பாகத்துக்கு மீண்டு, கப்பலேறி மறைந்த அப்பெண்ணின் சில வரிகளை மற்றொரு முறை படித்தலும் வேண்டும்.