எட்டு விளக்குகள் எரிந்தால் போதுமா?

கணிப்பொறிகளை இணைக்கும் ஈதர்நெட் கேபிளைப் பற்றி ஒரு விதி வழக்கில் உள்ளது. ‘இரு முனைகளிலும் ஒரே வரிசை இருந்தால் போதும், எந்த நிறம் எங்கே என்பது முக்கியமன்று’ என்பதே அது. கேபிளை டெஸ்டரில் செருகி, எட்டு விளக்குகளும் முறையாக எரிந்துவிட்டால் வேலை முடிந்தது என்பர். இவ்விதி எந்த அளவுக்கு உண்மை என்பதை ஆராய்வோம்.

கேபிளின் உறையைப் பிரித்துப் பாருங்கள். எட்டுக் கம்பிகளும் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கும். இம்முறுக்கு அழகுக்காகச் செய்யப்பட்டதன்று. தொலைபேசிக் கம்பிகளில் இரைச்சலைக் குறைக்கும் பொருட்டு அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இல் காப்புரிமை பெற்ற முறை இது. ஓர் இணையின் இரு கம்பிகளிலும் மின்னோட்டம் எதிரெதிர்த் திசைகளில் செல்கிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சலோ இரண்டையும் ஏறத்தாழ ஒரே அளவில் பாதிக்கிறது. ஏற்கும் கருவி இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே அளப்பதால், இரைச்சல் கழிந்து செய்தி எஞ்சுகிறது. இக்கழித்தல் சரிவர நடைபெற வேண்டுமானால், ஒரு சைகையின் இரு பாதிகளும் ஒன்றாக முறுக்கப்பட்ட கம்பிகளிலேயே செல்ல வேண்டும்.

இனி, கனெக்டரைக் கவனிப்போம். அதில் 1, 2 ஓர் இணை. 4, 5 ஓர் இணை. 7, 8 ஓர் இணை. எஞ்சிய இணையோ 3, 6 என நடு இணையைத் தாண்டி நிற்கிறது. இது பழைய தொலைபேசி வழக்கத்தின் எச்சம். இதனை அறியாதவர் ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என இணைகளை அடுத்தடுத்து வைத்து இரு முனைகளையும் முடித்தால் என்ன ஆகும்? 3இல் பச்சை இணையின் ஒரு கம்பி, 6இல் நீல இணையின் ஒரு கம்பி! இணை பிளந்துவிட்டது. டெஸ்டரோ ஒவ்வொரு கம்பியும் உரிய ஊசியை அடைகிறதா என்று மட்டுமே பார்க்கிறது. ஆகவே எட்டு விளக்குகளும் எரியும். குறைந்த நீளத்தில் கேபிள் வேலை செய்வது போலவும் தோன்றலாம். நீளமும் வேகமும் கூடும்போதுதான் பிழைகள் தலைகாட்டும். 1999இல் வகுக்கப்பட்ட ஜிகாபிட் முறை நான்கு இணைகளையும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதால், அதில் இத்தவறின் விளைவு கடுமையாகும்.

ஆகவே அந்த விதி பாதி உண்மையே. டி-568-ஏ, டி-568-பி என்னும் இரு முறைகளிலும் ஆரஞ்சு, பச்சை இணைகள் இடம் மாறுகின்றனவே தவிர, எந்த இணையும் பிளப்பதில்லை. இவற்றுள் எதை வேண்டுமானாலும் கொள்ளலாம். மனம் போன வரிசையைக் கொள்ள முடியாது.

டெஸ்டர் பயனற்றது என்பது நம் கருத்தன்று. அறுந்த கம்பியையும், ஒன்றோடொன்று தொடும் கம்பிகளையும், இடம் மாறிய கம்பிகளையும் அது காட்டிவிடும். ஆனால் கம்பி செம்பா என்பதையும் அது கூறாது. செம்பு முலாமிட்ட அலுமினியக் கம்பிகள் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. அலுமினியத்தின் மின்தடைத்திறன் செம்பைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். கேபிள் வழியாகவே காமிராவுக்கு மின்சாரமும் அனுப்பும்போது வெப்பமும் மின்னழுத்த இழப்பும் அந்த அளவுக்குக் கூடும். கம்பியின் நுனியைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெண்மை தெரிந்தால் வாங்காதீர்கள்.

உறையிலுள்ள பெரிய எண்ணைக் கண்டும் மயங்க வேண்டாம். வினாடிக்கு 1 ஜிகாபிட் வேகத்தை 100 மீட்டர் வரை கொண்டுசெல்ல கேட்-5ஈ போதும். 10 ஜிகாபிட் வேகத்திற்கு கேட்-6 சுமார் 55 மீட்டர் வரையிலும், கேட்-6ஏ 100 மீட்டர் வரையிலும் உதவும். கேட்-8 ஏறத்தாழ 30 மீட்டருக்குள் அமையும் தரவு மையங்களுக்கானது. வீட்டு இணையத்தின் வேகத்தை அது கூட்டாது.

செய்முறை கற்பிப்போர் நிறவரிசையை மனப்பாடம் செய்விப்பதற்கு முன் இணை என்பதன் பொருளை விளக்க வேண்டும். காரணம் தெரிந்த மாணவன் வரிசையை மறந்தாலும் 3, 6ஐ மறக்கமாட்டான். முனையில் முறுக்கையும் 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கமாட்டான்.