நூற்குற்றமும் நூலழகும்: சண்டைக் காணொளி விளையாட்டு உத்திநூல்களை மதிப்பிடும் முறை

ஆய்வுச்சுருக்கம்

சண்டை வகைக் காணொளி விளையாட்டுகளுக்கென அச்சான உத்திநூல்கள், பயன்பாடு தீர்ந்ததும் கழிக்கப்படும் நுகர்பொருளாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றன. அவற்றின் தரத்தை அளக்க, அட்டையின் பொலிவும் பக்க எண்ணிக்கையும் வெளியீட்டாளரின் ‘அதிகாரப்பூர்வ’ முத்திரையும் போதுமானவை அல்ல. நன்னூல் பாயிரம் வகுத்துள்ள நூற்குற்றம், நூலழகு ஆகிய கருத்தாக்கங்களைக் கொண்டு இந்நூல்களை மதிப்பிட முடியும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: உத்திநூல், நன்னூல், பாயிரம், நூற்குற்றம், சட்டகம், அச்சுப்பிழை, பாடவேறுபாடு.

முன்னுரை

1991ஆம் ஆண்டு ஜப்பானின் காப்காம் நிறுவனம் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. இருவர் எதிரெதிர் நின்று, ஒரு பிடியையும் ஆறு பொத்தான்களையும் கொண்டு மோதும் இவ்விளையாட்டில், அடிவகைகள் பலவும் திரையில் விளக்கப்படுவதில்லை. பிடியைக் குறிப்பிட்ட வரிசையில் அசைத்துப் பொத்தானை அழுத்தினாலன்றி அவை வெளிப்படா. இந்த மறைபொருளை விளக்கவே உத்திநூல்கள் தோன்றின. ‘வெர்ச்சுவா ஃபைட்டர்’ (1993), ‘டெக்கன்’ (1994) ஆகிய முப்பரிமாண விளையாட்டுகள் வந்தபின் கற்கவேண்டிய அடிவகைகள் மேலும் பெருகின, நூல்களும் பெருத்தன.

இன்று இவ்விளையாட்டுகள் பொழுதுபோக்கு எல்லையைக் கடந்துவிட்டன. 2022 டிசம்பரில் இந்திய அரசு மின்விளையாட்டைப் பல்துறை விளையாட்டுப் போட்டிகளின் ஒரு பிரிவாக ஏற்றது. 2023இல் ஹாங்சௌ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5’ பதக்கப் பிரிவாக இடம்பெற்றது. பயிற்சி முறைப்படும்போது பயிற்சி நூல்கள் தேவைப்படும். எது நல்ல நூல் என்னும் வினாவும் உடன் எழும். தமிழில் இத்தகைய நூல் எழுதப்படுமாயின் எவ்வளவுகோலால் அது அளக்கப்பட வேண்டும் என்பது அவ்வினாவின் தொடர்ச்சியே.

பாயிரம் கேட்கும் வினாக்கள்

பவணந்தியார் சிறப்புப்பாயிரத்தில் ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நுதலிய பொருள், கேட்போர், பயன் முதலியவற்றை வேண்டுகிறார். காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் சேர்த்துக் கூறுவாரும் உண்டு என்கிறார். உத்திநூலைக் கையில் எடுத்ததும் கேட்கத்தக்க வினாக்கள் இவற்றிலேயே அடங்கியுள்ளன.

இவற்றுள் ‘காலம்’ தலையாயது. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ வெளிவந்த பின், 1992 முதல் 1994 வரை அதன் திருத்தப் பதிப்புகள் அடுத்தடுத்து வந்தன. ஒவ்வொன்றிலும் அடிகளின் வலிமையும் வேகமும் மாறின. எப்பதிப்புக்கு எழுதப்பட்டது என்று கூறாத நூல், எந்த ஊருக்கு என்று கூறாமல் வழி சொல்வதை ஒக்கும். ‘வழி’ என்பதும் அவ்வாறே. விளையாட்டு விற்பனைக்கு வரும் நாளிலேயே நூலும் வரவேண்டும் என்னும் வணிக நெருக்கடியால், முற்றுப்பெறாத முன்படியைக் கொண்டு எழுதும் வழக்கம் இத்துறையில் இருந்தது. அத்தகைய நூலின் செய்திகள் அச்சேறும் முன்பே பழையனவாகிவிடும் வாய்ப்பு உண்டு.

‘கேட்போர்’ தெளிவுறாத நூலும் தடுமாறும். முதன்முறை பிடியைத் தொடும் சிறுவனுக்கும் போட்டியாளனுக்கும் ஒரே பக்கத்தில் பேச முற்படும் நூல், இருவருக்கும் பயன்படாது போகிறது.

குற்றங்களின் வழி மதிப்பீடு

நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் சில உத்திநூல்களில் தெளிவாகப் புலப்படுகின்றன.

குன்றக் கூறல்: கைல் என்னும் பாத்திரத்தின் ஒலிவீச்சு அடிக்குப் பிடியைப் பின்புறம் சிறிது நேரம் அழுத்தி வைத்திருந்து, பிறகு முன்தள்ளிக் குத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். ‘பின், முன், குத்து’ என்று மட்டும் எழுதும் நூல் பொய் கூறவில்லை. எனினும் அதைப் பின்பற்றுவோனுக்கு அடி வெளிப்படாது. காத்திருத்தல் என்னும் உயிர்க்கூறு விடுபட்டதே காரணம்.

மயங்க வைத்தல்: ரியூ என்னும் பாத்திரத்தின் எரிபந்து அடிக்குப் பிடியைக் கீழ், கீழ்முன், முன் என நகர்த்த வேண்டும். இதனை ‘கீழ், கீழ்வலம், வலம்’ என்று எழுதும் நூல் ஆட்டத்தின் பாதியில் தவறாகிவிடும். பாத்திரங்கள் இடம் மாறிக்கொண்டதும் வலம் இடமாகும். முன் என்பது எப்போதும் முன்னே. எண்பலகையின் அமைப்பைக் கொண்டு இவ்வசைவை 236 என்று குறிக்கும் வழக்கிலும், 6 என்பது வலப்பக்கத்தைக் குறியாது முன்பக்கத்தையே குறிக்கும் என்று தொடக்கத்திலேயே விளக்கிவிடுதல் இன்றியமையாதது.

மற்றொன்று விரித்தல்: பாத்திரங்களின் உயரம், எடை, குருதிவகை, விருப்பு வெறுப்புகள் ஆகியவற்றால் பக்கங்களை நிரப்பும் நூல்கள் உண்டு. கதை விரும்பும் வாசகனுக்கு இவை சுவை தரலாம். உத்தி நாடுவோனுக்கு இவை இடையூறு.

வெற்றெனத் தொடுத்தல்: ‘எதிரி பாயும்போது கவனமாக இருக்க வேண்டும்’ என்பது போன்ற தொடர்கள் எவ்விளையாட்டுக்கும் எப்பாத்திரத்திற்கும் பொருந்தும். எல்லாவற்றிற்கும் பொருந்துவது எதனையும் கற்பிப்பதில்லை.

உலகம் மலையாமை

நூலழகு பத்தனுள் ‘உலகம் மலையாமை’ இங்குச் சிறப்பான பொருள் பெறுகிறது. இவ்வகை விளையாட்டுகள் பெரும்பாலும் வினாடிக்கு 60 சட்டகங்களாக இயங்குகின்றன. ஒரு சட்டகம் ஏறத்தாழ 16.7 மில்லிவினாடி. கண்ணால் கண்டு கையால் செயற்பட மனிதருக்கு ஏறத்தாழ 200 மில்லிவினாடி, அதாவது 12 சட்டகம், தேவைப்படுகிறது. ஐந்து சட்டகத்தில் வெளிப்படும் அடியைக் ‘கண்டதும் தடுக்கவும்’ என்று ஒரு நூல் அறிவுறுத்துமாயின், அது மனித உடலின் இயல்போடு மாறுபடுகிறது. அவ்வடியை முன்கூட்டியே ஊகித்துத்தான் தடுக்க இயலும். மாறாக, 25 சட்டகத்தில் வெளிப்படும் அடியைக் கண்டபின் தடுக்கலாம் என்பது பயிற்சியால் எய்தத்தக்கது. ஒரு நூலாசிரியர் தாம் கூறுவதை விளையாடிப் பார்த்தாரா என்பதை அறிய இது நம்பத்தக்க உரைகல்.

2009இல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4’ விளையாட்டுக்கு வந்த பிராடிகேம்ஸ் வெளியீடு போன்ற பிற்கால நூல்கள், சட்டக எண்களை அட்டவணையாகத் தந்தன. இது பெரும் முன்னேற்றம். எனினும் எண் மட்டும் அறிவாகாது. தடுக்கப்பட்ட ஓர் அடிக்குப் பின் எதிரி ஐந்து சட்டகம் பின்தங்குவான் எனில், ஐந்து அல்லது அதற்குக் குறைந்த சட்டகத்தில் வெளிப்படும் அடி, எட்டும் தொலைவில் இருந்தால், அவனைத் தவறாது தாக்கும். இக்காரணத்தை ஒருமுறை விளக்கிய நூலின் அட்டவணை முழுவதும் வாசகனுக்குப் பேசத் தொடங்கும். விளக்காத நூலில் அது எண்களின் குவியலாகவே கிடக்கும்.

பிழைகளின் இருவகை

ஜப்பானில் 1986 முதல் 1999 வரை வெளிவந்த ‘கேமெஸ்ட்’ இதழ் இவ்வாய்வுக்கு ஒரு சிக்கலான சான்று. அதன் அச்சுப்பிழைகள் இன்றளவும் நகைச்சுவையாக நினைவுகூரப்படுகின்றன. காரோட்ட விளையாட்டுக் குறிப்பொன்றில் திருப்புசக்கரத்தைக் குறிக்கும் ‘ஹாண்டொரு’ என்னும் சொல், கையெழுத்து மயக்கத்தால் இந்தியரைக் குறிக்கும் ‘இந்தோஜின்’ என அச்சாயிற்று. இந்தியரை வலப்பக்கம் திருப்புமாறு வாசகர் பணிக்கப்பட்டனர். சண்டை விளையாட்டுக் குறிப்பொன்றில் குத்தைக் குறிக்கும் ‘பன்ச்சி’ என்பது நெருக்கடியைக் குறிக்கும் ‘பின்ச்சி’ ஆயிற்று.

சுவடிப் பதிப்பில் பழகியோர்க்கு இது புதிதன்று. புள்ளியிடாத மெய், குறில் நெடில் வேறுபாடின்மை, காலுக்கும் ரகரத்துக்கும் உள்ள வடிவொற்றுமை ஆகியவை ஏடெழுதுவோரை இவ்வாறே மயக்கின. பதிப்பாசிரியர்கள் கற்ற பாடம் ஒன்று உண்டு: பொருளற்ற பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும், பொருள் தரும் பிழையே மறைந்திருந்து கெடுக்கும். இந்தியரைத் திருப்புமாறு கூறும் தொடரைக் கண்டு எவரும் ஏமாறார். ஆனால் அட்டவணையில் 3 என இருக்கவேண்டிய எண் 5 என அச்சாகியிருந்தால், அதைக் கண்டறிய வாசகனுக்கு வழியில்லை. அவன் தன் கையின் மீதே குறைகாண்பான். இல்லாத பிழையைத் திருத்தப் பல நாள்களைச் செலவிடுவான்.

திருவள்ளூர் மாவட்டத்துப் பொதட்டூர்பேட்டை போன்ற நெசவூர்களை அறிந்தோர்க்கு ஓர் ஒப்புமை எளிதில் விளங்கும். ஜக்கார்டு தறியில் ஒரு பூவேலைப்பாடு நெய்யப்படுமுன் அது கட்டத்தாளில் வரையப்பட்டு அட்டையில் துளைகளாகிறது. ஒரு துளை இடம் மாறினால், அப்பூ வரும் இடந்தோறும் அப்பிழை திரும்ப வரும். ஆனால் நெசவாளர் துணியைக் கண்ணால் கண்டு அட்டையைத் திருத்தலாம். உத்திநூலின் எண்பிழையோ நெய்யப்படுவது வாசகனின் கைப்பழக்கத்தில். அங்கே பிழையைப் பார்க்கத் துணி இல்லை.

ஆகவே அச்சுப்பிழைகளின் எண்ணிக்கை ஒரு நூலின் தரத்தை அறுதியிடாது. பிழை மலிந்த ‘கேமெஸ்ட்’ மதிக்கப்பட்டதற்கு, விளையாட்டுக் கூடங்களில் ஆடித் தேர்ந்தோரின் அறிவு அதன் பக்கங்களில் இருந்தமையே காரணம். வழவழப்பான தாளில் பிழையின்றி அச்சான வெறுமொழி அம்மதிப்பைப் பெறாது.

நின்று பயன் தருவது

2015இல் பிராடிகேம்ஸ், பிரிமா கேம்ஸ் நிறுவனத்துடன் இணைந்தது. 2018இல் பிரிமாவின் அச்சுநூல் வெளியீடு நிறுத்தப்படும் என அறிவிக்கப்பட்டது. சட்டக எண்களைக் காட்டும் பணியையும் விளையாட்டுகளே ஏற்றன: 2019இல் ‘டெக்கன் 7’ அவ்வசதியைத் தனி விலைக்கு விற்றது, 2023இல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ பயிற்சிக் களத்திலேயே அதனைத் தந்தது. எண்களுக்காக வாங்கப்பட்ட நூல்கள் இதனால் ‘நின்று பயன் இன்மை’ என்னும் குற்றத்திற்கு ஆளாயின. தொலைவைக் காத்தல், எதிரியின் பழக்கத்தை அறிதல், இழப்பையும் பயனையும் எடையிடுதல் ஆகியவற்றின் காரணங்களை விளக்கிய பகுதிகள் மட்டும் பதிப்பு மாறிய பின்பும் பயன் தருகின்றன.

எனினும் நூலின் எல்லையையும் ஏற்க வேண்டும். 2004ஆம் ஆண்டு ஈவோ போட்டியில் டைகோ உமெஹாரா, எதிராளியின் தொடரடிகள் ஒவ்வொன்றையும் உரிய கணத்தில் ஏற்று விலக்கி வென்றார். அதற்குரிய விதி எளியது: அடி படும் கணத்தில் பிடியை முன்தட்ட வேண்டும். விதியை நூல் தரும். கணத்தைப் பயிற்சியே தரும். சிலம்ப நூலில் அச்சான படம் வீச்சின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும். இடைப்பட்ட ஓட்டத்தை ஆசானிடமே பெற வேண்டும். இந்த எல்லையை மறைக்காது கூறும் நூலே நேர்மையான நூல்.

முடிவுரை

நல்ல உத்திநூல் தன் காலத்தையும் வழியையும் கேட்போரையும் வெளிப்படுத்தும். குறியீட்டை ஒருபடித்தாக ஆளும். மனித உடலுக்கு இயலாததைப் பணியாது. எண்ணோடு காரணத்தையும் தரும். ‘அதிகாரப்பூர்வம்’ என்னும் முத்திரை இவற்றுள் எதற்கும் ஈடாகாது.

இவ்வகை நூல் தமிழில் எழுதப்படும்போது ‘முன்’, ‘பின்’, ‘வீச்சு’, ‘தட்டு’, ‘காலடி’ முதலிய சொற்கள் சிலம்பக் களத்திலிருந்தே கிடைக்கும். அளவுகோலும் நன்னூலிலிருந்து கிடைக்கிறது. பயன்நூலைத் திறனாய்வுக்கு அப்பாற்பட்டதாக ஒதுக்கும் போக்கைக் கைவிடுவதே எஞ்சியிருக்கும் பணி. இலக்கிய நூலின் பிழை வாசகனின் சுவையைக் கெடுக்கும். பயன்நூலின் பிழையோ அவன் உழைப்பையே வீணாக்கும்.