மேடைக்கு வரும் நிபுணரும் மர்மக்கதை எழுத்தாளரும்

துப்பறியும் கதைகளை விரும்பிப் படிக்கும் வாசகர்களே, அவற்றை எழுதுவோர் தங்களுக்கென்று சங்கங்கள் அமைத்திருப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். லண்டனில் 1930-ஆம் ஆண்டையொட்டி 'டிடெக்ஷன் கிளப்' தோன்றியது. அமெரிக்காவில் 1945-இல் மர்மக்கதை எழுத்தாளர் சங்கமும், இங்கிலாந்தில் 1953-இல் குற்றக்கதை எழுத்தாளர் சங்கமும் தொடங்கப்பட்டன. 1986-இல் 'சிஸ்டர்ஸ் இன் கிரைம்' என்ற அமைப்பும் அமெரிக்காவில் உருவாயிற்று. அந்நாட்டில் இவற்றுக்குப் பல வட்டாரங்களில் கிளைகள் உண்டு. கிளைக் கூட்டங்களில் வழக்கமாக இடம்பெறும் நிகழ்ச்சி, விருந்தினர் உரை. ஒருநாள் பிணப் பரிசோதனை செய்யும் மருத்துவர் வருவார். மறுமுறை கைரேகை நிபுணர். அதற்கடுத்து நஞ்சுகளை ஆராயும் வேதியியலார் அல்லது ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரி. ஒரு மணி நேரம் பேசுவார். பிறகு கேள்விகள்.

நல்ல வழக்கம்தானே, இதில் குறை காண என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எழுதுபவர் தெரிந்தவரிடம் கேட்டு எழுதுவதை யார் குறை சொல்வார்கள்? நான் குறை சொல்வது அங்கே கேட்கப்படும் கேள்விகளை. கண்டுபிடிக்க முடியாத நஞ்சு எது, இறந்து எத்தனை மணி நேரத்தில் உடல் விறைக்கும், ஒரு தலைமயிரைக் கொண்டு ஆளைப் பிடிக்க முடியுமா என்று எழுத்தாளர் கேட்கிறார். தம் வாழ்நாளில் வெற்றியாக முடிந்த வழக்குகளை நிபுணர் சொல்கிறார். எல்லாரும் வியந்து குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள். அந்த உண்மை எப்படித் தெரியவந்தது, எந்த ஆண்டிலிருந்து தெரியும், எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற மூன்றும் குறிப்பேட்டில் ஏறுவதில்லை. அறிவியலில் முக்கால் பங்கு அந்த மூன்றில்தான் இருக்கிறது.

ஓர் உண்மையான நிகழ்ச்சியைக் கொண்டு இதை விளக்குகிறேன். டாரதி சேயர்ஸ் என்ற புகழ்பெற்ற ஆங்கில எழுத்தாளர் 1930-இல் 'தி டாக்குமெண்ட்ஸ் இன் த கேஸ்' என்ற நாவலை வெளியிட்டார். அட்டையில் இன்னொரு பெயரும் இருந்தது: ராபர்ட் யூஸ்டேஸ். அது யூஸ்டேஸ் பார்ட்டன் என்ற மருத்துவரின் புனைபெயர். கதையின் அறிவியல் முடிச்சு அவர் கொடுத்தது. இருவரும் கடிதங்கள் எழுதிக்கொண்டு அதை வளர்த்தார்கள். ஒருமணி நேர உரையைவிட இது எவ்வளவோ மேல்.

(நாவலை இனிமேல்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் அடுத்த சில பத்திகளைத் தாண்டிவிடுங்கள். முடிச்சை அவிழ்க்காமல் இதை எழுத முடியாது.)

காளான்களைச் சேகரித்துச் சமைத்துச் சாப்பிடுவதில் ஆர்வமுள்ள ஒருவர் இறந்து கிடக்கிறார். உடலில் மஸ்கரின் என்ற நஞ்சு இருக்கிறது. சிவப்புத் தொப்பியில் வெண்புள்ளிகள் கொண்ட அமானிட்டா மஸ்கேரியா என்ற காளானில் காணப்படும் பொருள் அது. நல்ல காளான் என்று எண்ணித் தவறான காளானைத் தின்றுவிட்டார் என்று எல்லாரும் நம்புகிறார்கள். உண்மையில் ஆய்வுக்கூடத்திலிருந்து எடுத்து வந்த செயற்கை மஸ்கரினைக் கொலையாளி உணவில் கலந்திருக்கிறான். இயற்கை நஞ்சும் செயற்கை நஞ்சும் ஒரே வேதிப்பொருள் என்றால் வேறுபாட்டைக் கண்டறிவது எப்படி?

மேல்வகுப்பில் கரிம வேதியியல் படிக்கும் மாணவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். நம் வலக்கையும் இடக்கையும் ஒரே அமைப்பு உடையவை. ஆனாலும் ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் பொருந்துவதில்லை. சில மூலக்கூறுகளும் இப்படியே இரு வடிவங்களில் உள்ளன. ஒரு வடிவம் தளமுனைவுற்ற ஒளியை வலப்புறம் சுழற்றும், மற்றது இடப்புறம் சுழற்றும். டார்டாரிக் அமில உப்பின் படிகங்களை 1848-இல் லூயி பாஸ்டர் உருப்பெருக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரு குவியலாகப் பிரித்து இதைக் காட்டினார். உயிருள்ளவை இப்படிப்பட்ட பொருள்களைத் தயாரிக்கும்போது பெரும்பாலும் ஒரு கையைத்தான் படைக்கின்றன. சாதாரண வேதிவினை இரண்டையும் சம அளவில் தருகிறது. அந்தச் சுழிமாய்க் கலவையில் ஒன்றின் சுழற்சியை மற்றது ஈடுசெய்துவிடுவதால் ஒளி திரும்புவதே இல்லை. நாவலில், இறந்தவரின் உடலிலிருந்து எடுத்த மஸ்கரினை இருட்டறையில் ஒளிச்சுழற்சி அளக்கும் கருவியில் வைத்துப் பார்க்கிறார்கள். ஒளி திரும்பவில்லை. ஆகவே அது காளானில் விளைந்ததன்று, கொலைதான்.

எவ்வளவு அழகான முடிச்சு! உயிருக்கும் உயிரற்றதற்கும் உள்ள வேறுபாடே இங்கே சாட்சி சொல்கிறது. மர்மக்கதைகளில் அறிவியல் இவ்வளவு மேலான இடத்தில் அமர்ந்ததை நான் வேறெங்கும் படித்ததில்லை. ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929-இல் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். அறியப்படாத நஞ்சோ, முடிவில் நீண்ட அறிவியல் விளக்கம் தேவைப்படும் கருவியோ கூடாது என்பது அவற்றில் ஒன்று. சேயர்ஸ் அந்த விதியின் பின்பாதியை மீறினார். மீறியதே நல்லதாயிற்று.

ஆனால் வேதியியல் என்ன ஆயிற்று என்று பாருங்கள். அன்றைய வேதியியலார் மஸ்கரினுக்குக் கொடுத்திருந்த அமைப்பு வாய்பாட்டில் சமச்சீரற்ற கார்பன் அணு ஒன்றுகூட இல்லை. அது இல்லாவிட்டால் வலக்கை, இடக்கை என்ற பேச்சுக்கே இடமில்லை. இயற்கை மஸ்கரினும் ஒளியைச் சுழற்றாது, கதையின் அடித்தளமே தவறு என்ற கண்டனம் எழுந்தது. 1957-இல் எக்ஸ் கதிர்ப் படிக ஆய்வின் மூலம் மஸ்கரினின் உண்மையான அமைப்பு தெளிவாயிற்று. அதில் சமச்சீரற்ற கார்பன்கள் மூன்று! இயற்கை மஸ்கரின் ஒளியைச் சுழற்றத்தான் செய்கிறது. நாவலாசிரியர்கள் சொன்னது சரி. கண்டித்தவர்கள் நம்பிய வாய்பாடுதான் தவறு.

இதைப் படித்து இலக்கியம் வென்றது என்று கைதட்டிவிடாதீர்கள். மஸ்கரினை ஆய்வுக்கூடத்தில் முழுமையாகத் தொகுத்துத் தயாரித்ததும் 1957-இல்தான். அப்படியானால் 1930-இல் கொலையாளி எடுத்து வந்த குப்பியில் இருந்தது உண்மையான மஸ்கரினாக இருந்திருக்க முடியாது. மேலும் அந்தச் சிவப்புக் காளானில் மஸ்கரின் மிகச் சொற்பம். ஒரு கிலோ ஈரக் காளானில் ஏறக்குறைய 3 மில்லிகிராம்தான். அதைத் தின்றவருக்கு வரும் மயக்கத்துக்கும் பிதற்றலுக்கும் முக்கியக் காரணம் ஐபோடெனிக் அமிலம், மஸ்கிமால் என்ற வேறு இரு பொருள்கள் என்பது பிற்பாடு அறியப்பட்டது. மஸ்கரின் மிகுதியாக உள்ளவை ஐனோசைபி, கிளிட்டோசைபி இனக் காளான்கள். ஆக ஒரே நாவலில் ஒரு செய்தி தவறென்று கருதப்பட்டுப் பின் சரியாயிற்று. இரண்டு செய்திகள் சரியென்று கருதப்பட்டுப் பின் தவறாயின.

மருத்துவர் யூஸ்டேஸ் அசட்டையாக இருந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் காலத்து அறிவை அவர் கொடுத்தார். மருந்துப் புட்டிக்கு இருப்பதுபோல் நிபுணரின் சொல்லுக்கும் ஒரு தேதி உண்டு. மேடை உரைகளில் அந்தத் தேதிதான் விட்டுப்போகிறது.

தேதியைப் போலவே இடமும் விட்டுப்போகிறது. பிணம் மணிக்கு 1½ டிகிரி பாரன்ஹீட் வீதம் குளிரும் என்ற கணக்கை எத்தனையோ கதைகளில் படித்திருப்பீர்கள். அது குளிர் நாடுகளில் எளிய மதிப்பீடாக வைத்துக்கொண்ட கணக்கு. சென்னையில் மே மாதப் பிற்பகல் ஒன்றில் அறையின் வெப்பநிலையே 37 டிகிரி செல்சியசைத் தொட்டால் உடல் குளிர்வது எப்படி? சுற்றுப்புறத்தைவிடக் கீழே அது போக முடியாது. உடல் விறைப்பும் வெப்ப நாடுகளில் விரைவில் தொடங்கி விரைவில் நீங்கிவிடும். லண்டன் நிபுணர் லண்டன் எழுத்தாளருக்குச் சொன்ன எண்ணைத் தமிழ்க் கதையில் அப்படியே இறக்கினால் கதாநாயகர் தவறான ஆளைப் பிடிப்பார்.

ஐரோப்பாவிலேயே இந்தக் கணக்கு எவ்வளவு நம்பத்தக்கது? உடல் எடை, உடை, சுற்றுப்புற வெப்பநிலை எல்லாவற்றையும் சேர்த்துக் கணிக்கும் ஹென்ஸ்கே முறை இன்று பரவலாகக் கையாளப்படுகிறது. மிகச் சாதகமான நிலையிலும் அது 2.8 மணி நேரம் முன்னே பின்னே போகலாம் என்று ஒப்புக்கொள்கிறது. அதாவது மொத்த இடைவெளி ஐந்தரை மணிக்கும் மேல்! கதையில் மருத்துவர் பிணத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இரவு 10-15-க்கும் 10-30-க்கும் இடையில் என்கிறார். ஒருவர் ரயிலில் இருந்தாரா வீட்டில் இருந்தாரா என்பது அந்தக் கால் மணியைப் பொறுத்தே முடிவாகிறது.

கதைதானே, போகட்டும் என்று நீங்கள் சொல்லக்கூடும். கதையை விட்டுவிடலாம், நீதிமன்றத்தை விட்டுவிட முடியாதே. 2004 மார்ச் 11 அன்று மாட்ரிட் நகரில் ரயில்களில் குண்டுகள் வெடித்தன. வெடிபொருள் தொடர்பான ஒரு பையில் கிடைத்த ரேகை, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து வழக்கறிஞர் ஒருவருடையது என்று அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யின் நிபுணர்கள் உறுதி கூறினர். நீதிமன்றம் நியமித்த தனி நிபுணரும் ஆம் என்றார். அவர் ஏறக்குறைய இரண்டு வாரம் காவலில் இருந்தார். பிறகு ஸ்பெயின் நாட்டுக் காவல்துறை அந்த ரேகை வேறொருவருடையது என்று கண்டது, எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது. 2009-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் சார்ந்த குழு ஒன்று தடய அறிவியல் முறைகளை ஆராய்ந்தது. மரபணுப் பரிசோதனையைத் தவிர வேறெந்த முறையும், தடயம் இன்ன ஆளுடையதுதான் என்று உயர்ந்த உறுதியோடு தொடர்ந்து சொல்லும் ஆற்றலை முறையாக நிறுவிக் காட்டவில்லை என்று அது எழுதிற்று. பழைய வழக்குகளில் தலைமயிர் ஒப்பீடு பற்றித் தன் நிபுணர்கள் அளித்த சாட்சியங்களை மறுஆய்வு செய்த எஃப்.பி.ஐ. 2015-இல் தன் முடிவை வெளியிட்டது. ஆராய்ந்தவற்றில் குறைந்தது 90 சதவீதத்தில் பிழையான கூற்றுகள் இருந்தன. அவற்றுள் மரண தண்டனை வழக்குகளும் உண்டு.

அந்நாட்டில் குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்யும் ஜூரிகள் சாதாரண மக்கள். மயிரும் ரேகையும் தவறா என்ற எண்ணத்தை அவர்கள் எங்கிருந்து பெற்றிருப்பார்கள்? பள்ளிப் பாடத்திலிருந்து அன்று என்பது நிச்சயம்.

அறிவியல் தெரிந்து எழுதிய மர்மக்கதை நன்மையும் செய்யும். அகதா கிறிஸ்டி மேடை உரை கேட்டு நஞ்சுகளைக் கற்றவரல்லர்; முதல் உலகப்போரின்போது மருத்துவமனை மருந்தகத்தில் வேலை செய்து, 1917-இல் மருந்தாளுநர் தேர்விலும் தேறியவர். 1961-இல் வெளியான 'தி பேல் ஹார்ஸ்' நாவலில் தாலியம் நஞ்சை வைத்தார். அவர் அங்கே விவரித்தது நஞ்சின் பெருமையை அன்று, நோயாளிகளின் நிலையை; ஆளுக்கொரு நோய்போலத் தோன்றினாலும் எல்லாருக்கும் முடி கொட்டுகிறது. 1977-இல் கத்தாரிலிருந்து ஒன்றரை வயதைக் கடந்த பெண் குழந்தை ஒன்றை லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். நோய் இன்னதென்று மருத்துவர்களுக்குப் பிடிபடவில்லை. அந்நாவலைப் படித்துக்கொண்டிருந்த செவிலி ஒருவர், குழந்தையின் முடி உதிர்வதைக் கண்டு, தாலியமாக இருக்குமோ என்றார். பரிசோதித்தார்கள்; தாலியம்தான். குழந்தை தேறியது.

நிபுணரிடம் எப்படிக் கற்பது என்பதற்கு நான் போற்றும் எடுத்துக்காட்டு இன்னொருவர். பெர்ரி மேசன் கதைகளை எழுதிய எர்ல் ஸ்டான்லி கார்ட்னர், பிரான்சஸ் கிளெஸ்னர் லீ அம்மையார் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் காவல்துறையினருக்காக நடத்திய வகுப்புகளில் கலந்துகொண்டார். அந்த அம்மையார் இறப்பு நிகழ்ந்த அறைகளை ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் பொம்மை வீடுகளாகச் செய்துவைத்தார். சன்னல், நாட்காட்டி, பாத்திரம், காலுறை எல்லாம் அதில் இருக்கும். ஒன்றரை மணி நேரம் பார்த்துக் கண்டதைச் சொல்ல வேண்டும். யார் கொன்றது என்பதைவிட எதைப் பார்த்தாய், எதைப் பார்க்கத் தவறினாய் என்பதே அங்கே பாடம். கொலையா, தற்கொலையா, விபத்தா என்று தீர்மானிக்க முடியாது என்பதும் ஒரு விடையாக இருக்கலாம். 18 மாதிரிகள் இன்றும் பால்டிமோர் நகரில் உள்ளன.

கார்ட்னர் அங்கே கற்றதைக் கதைக்கு மட்டும் பயன்படுத்தவில்லை. 1948 முதல் 'ஆர்கசி' பத்திரிகையில் 'கடைசி முறையீட்டு மன்றம்' என்ற பகுதியைத் தொடங்கி, தடய அறிவியல் நிபுணர்களைத் துணைக்கொண்டு, தவறாகத் தண்டிக்கப்பட்டதாகத் தோன்றியவர்களின் வழக்குகளைக் கிளறினார். அதைப் பற்றிய அவருடைய நூலுக்கு 1953-இல் அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர் சங்கமே பரிசளித்தது.

அந்தச் சங்கங்களின் கிளைக் கூட்டங்களுக்கு இன்றும் நிபுணர்கள் வருகிறார்கள். நீங்களும் ஒருநாள் கதை எழுத உட்கார்ந்து, அப்படியொருவரைச் சந்திக்க நேரலாம். பிடிபடாத நஞ்சைப் பற்றிக் கேட்காதீர்கள். இந்த முறை தவறினால் எப்படித் தெரியும், எத்தனை முறை தவறியிருக்கிறது, உங்கள் கருத்தை நீங்களே மாற்றிக்கொண்ட வழக்கு எது என்று கேளுங்கள். வந்திருப்பவர் கைரேகை நிபுணரானால், மாட்ரிட் பையிலிருந்த ரேகையைப் பற்றி முதலில் கேளுங்கள்.